‘ஈட்டட்’ சொன்ன இட்லிப் பாட்டு!



பேனாவுக்கு ஆங்கிலத்தில் ‘பென்’. அதன் எழுத்துகளின் பெயரை வேகமாகச் சேர்த்துச் சொல்லுங்கள்: பி, இ, என்... ‘பியியென்’! பேனா எங்கே போயிற்று?

இப்போது ஒலியை மட்டும் சொல்லுங்கள்: ப்... எ... ன்... ‘பென்!’ வந்துவிட்டதா? ஆங்கிலத்தில் எழுத்துகள் 26தான். ஒலிகளோ ஏறத்தாழ 44. அதனால்தான் ஒலியைப் பழகினால் படிப்பது சுலபமாகிறது.

விழுப்புரம் மாவட்டம் கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை அன்னபூர்ணா இப்படி ஒலி வழியாகத்தான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுத்தார். 2017ஆம் ஆண்டு, தன் நகைகளைப் பணமாக்கி, வகுப்புக்கு ‘ஸ்மார்ட் போர்டு’ம் புத்தகங்களும் வாங்கினார். கிராமத்துப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் ஆங்கிலம் பேசுவதை ஊரே வியந்து பார்த்தது.

நகையைவிட அப்படி என்ன பெரிய லாபம் என்று கேட்கிறீர்களா? என் கதையைக் கேளுங்கள்.

திண்டிவனம் பக்கத்தில் நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு சிறுமி, “ஐ ஈட்டட் இட்லி” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை. சில நாள்கள் அவளுக்கு ‘இட்லிப் பாட்டு’ என்று பட்டப்பெயர் வேறு!

பிறகுதான் யோசித்தேன். ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ ஆகும்போது, ‘ஈட்’ ஏன் ‘ஈட்டட்’ ஆகக்கூடாது? அவள் விதியைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்! ‘ஏட்’ என்பது விதிவிலக்கு, அவ்வளவுதான். இங்கிலாந்துக் குழந்தைகளும் சின்ன வயதில் இப்படித்தான் தவறுகிறார்கள்.

மறுநாள் எல்லார் முன்னிலும், “நான் சிரித்தது தப்பு, பாப்பா. நீ கெட்டிக்காரி” என்றேன். பட்டப்பெயருக்கும் அன்றே தடை போட்டேன். மெல்ல மெல்ல அவள் பேச ஆரம்பித்தாள்.

பல ஆண்டுகள் கழித்து, விழுப்புரம் ரயில் நிலையத்தில் தமிழ் தெரியாத பெரியவர் ஒருவர் வண்டியைத் தேடித் தவித்துக் கொண்டிருந்தார். ஓர் இளம்பெண் ஆங்கிலத்தில் விசாரித்து, நடைமேடையைக் காட்டினாள். நடுவே இரண்டு பிழைகள். ஆனால், பெரியவர் சரியான வண்டியில் ஏறிவிட்டார்!

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “சார், ஐ ஈட்டட் இட்லி!” என்று சிரித்தாள்.

என் கண் கலங்கிவிட்டது. வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய பரிசு உண்டா?

குழந்தைகளே, நீங்களும் இன்று தம்பி, தங்கைக்கு ஐந்து ஆங்கிலச் சொற்கள் கற்றுக் கொடுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். சிரிக்க மட்டும் சிரிக்காதீர்கள்!