நூற்றைந்தரைச் சுற்று

விடியற்காலை ஐந்தரை மணி. பாடாலூரில் திருச்சி - சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டு டீக்கடையில் பாய்லர் இப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருக்கிறது. மேலே நான்குவழிச் சாலையில் லாரிகள் விளக்கோடு பறக்கின்றன. கீழே, ஒரு வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்தில், தார் ரோட்டின் மேல் சுண்ணாம்பில் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து தள்ளித் தெரியும் மின்கம்பம் வரை 200 மீட்டர். தொட்டுத் திரும்பினால் 400. ஒரு பெண் ஓடித் திரும்புகிறாள். பைக்கில் உட்கார்ந்து போனில் நேரம் பிடிப்பவர் அவளுடைய தாய்மாமன்.

"எவ்வளவு மாமா?"

"ரெண்டு இருபத்தெட்டு. பாஸ்தான். ஆனா கடைசியில கையத் தொங்கப் போட்டுட்ட."

"மூச்சு வாங்குது மாமா."

"அன்னிக்கும் வாங்கும்ல?"

அன்றைக்கு என்றால் காவலர் வேலைக்கான உடல்தகுதித் தேர்வு நாள். சீருடைப் பணியாளர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஆண்களுக்கு 1,500 மீட்டர், 7 நிமிடம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் எந்த ஊர் வழியாக விடியலில் போனாலும் இந்த இரண்டு தூரங்களில் ஒன்றை யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள். இங்கே ஓட்டம் என்பது வேலைக்குப் போகும் வழி. வேலை கிடைத்துவிட்டால் ஷூ பரணுக்குப் போகும். கிடைக்காமல் வயது தாண்டிவிட்டாலும் அதே பரண்தான்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தது அந்த டீக்கடை பெஞ்சில்தான். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை 400 மீட்டர் சுற்றுகளாகப் பிரித்தால் நூற்றைந்தரை வருகிறது. அந்த நூற்றைந்தரைச் சுற்றையும், சுற்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் அரை வினாடி குறைவாக, எங்கும் நிற்காமல் ஒரு பெண் ஓடியிருக்கிறார். அதுவும் வாழ்க்கையில் முதன்முறையாக மாரத்தான் ஓடிய நாளில்.

அவர் ஓ.பி. ஜெய்ஷா. வயநாட்டுக்காரர். 2015 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, மும்பை மாரத்தான். 2 மணி 37 நிமிடம் 29 வினாடி. தொண்ணூறுகளின் நடுவில் நம் சென்னையில் வி. சத்யபாமா ஓடி வைத்த தேசிய சாதனை அன்று காலைதான் விழுந்தது. ஏறக்குறைய 19 ஆண்டுகள் அதை யாரும் அசைக்கவில்லை.

ஜெய்ஷாவின் வேகத்தைக் காவலர் தேர்வின் கணக்கில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். ஆண்களுக்கான 1,500 மீட்டரை அவர் 5 நிமிடம் 36 வினாடியில் ஓடியிருக்கிறார். அப்படி ஒரு தடவை அல்ல, 28 தடவை, ஒன்றன்பின் ஒன்றாக. பாடாலூர்ப் பையன்கள் ஏழு நிமிடத்துக்கே நாக்குத் தள்ளி நிற்பதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இந்த எண்ணை மனம் சட்டென்று ஏற்றுக்கொள்ளாது.

முதல் ஓட்டத்திலேயே சாதனை என்றதும் நாம் உடனே 'அதிசயம்' என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. 2015 ஜனவரியில் ஜெய்ஷாவுக்கு வயது 31. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டர் வெண்கலம். எட்டு வருடம் கழித்து, 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் 1,500 மீட்டரில் மறுபடி வெண்கலம். இன்சியானில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 4 நிமிடம் 13 வினாடி. கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 49 வினாடி ஓடிப் பழகிய கால்களுக்கு, மாரத்தானின் 3 நிமிடம் 44 வினாடி என்பது ஆரம்பத்தில் கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டிய வேகம். பத்து வருடத்துக்கும் மேலாக டிராக்கில் சேர்த்து வைத்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் செலவழித்தார். மாரத்தானுக்குத்தான் அவர் புதுசு.

உலகத்திலும் இதே கதைதான். பவுலா ராட்க்ளிஃப் 2002-இல் லண்டனில் முதல் மாரத்தானை 2:18:56-இல் முடித்தபோது, அதற்கு முன் எந்தப் பெண்ணும் முதல் ஓட்டத்தில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே சிட்னி ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் நான்காவதாக வந்தவர் அவர். கென்யாவின் கெல்வின் கிப்டம் 2022-இல் வலென்சியாவில் முதல் மாரத்தானை 2:01:53-இல் ஓடினார். அடுத்த வருடமே சிகாகோவில் 2:00:35, உலக சாதனை. 2024 பிப்ரவரியில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 24. ஓடியது மூன்றே மாரத்தான்.

ஆனால் வேகம் மட்டும் போதும் என்றால் 1,500 மீட்டர்க்காரர்கள் எல்லோரும் மாரத்தான் வென்றிருப்பார்கள். மாரத்தானில் முப்பது கிலோமீட்டர் தாண்டி ஒரு இடம் வருகிறது. ஓடுகிறவர்கள் அதைச் 'சுவர்' என்பார்கள். தசையிலும் ஈரலிலும் நம் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் இரண்டாயிரம் கலோரி. ஓடுகிற வேகத்தில் அது முப்பது, முப்பத்திரண்டு கிலோமீட்டரில் காலியாகிவிடும். கட்டுச்சோறு தீர்ந்த பிறகு மிச்சமிருக்கும் வழியைப் போல, அதற்குப் பின் வரும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் மாரத்தான். மும்பையில் அது இன்னும் மோசம். ஜனவரியிலும் கடற்காற்றின் புழுக்கம். வொர்லி கடல்பாலம் எல்லாம் தாண்டி, உடம்பு கெஞ்சுகிற நேரம் பார்த்து பெடர் ரோடு மேடு வந்து நிற்கும். முதல்முறை ஓடுகிறவருக்கு இதெல்லாம் காதால் கேட்ட செய்திதான், காலுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையும் ஒருவகையில் துணை செய்கிறது என்றே நினைக்கிறேன்.

சத்யபாமாவின் சாதனை அத்தனை வருடம் நின்றதற்கு அவருடைய வேகம் ஒரு காரணம். இன்னொரு காரணம், மோதிப் பார்க்க ஆட்கள் வரவில்லை. பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தானே 1984-இல்தான் வந்தது. மும்பை மாரத்தான் தொடங்கியது 2004-இல். ஒரு வீராங்கனைக்கு வேலை வாங்கித் தருவது டிராக்கில் கிடைக்கும் பதக்கம். 42 கிலோமீட்டர் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டால் அந்த சீசன் முழுவதும் போச்சு. வேகமான கால்கள் இருந்தவர்கள் மாரத்தான் பக்கமே திரும்பவில்லை. அவர்களில் ஒருவர் திரும்பினார், முதல் நாளே சாதனை விழுந்தது. நீண்ட காலம் நிற்கும் சாதனையைப் பற்றிப் பேசும்போது ஓடியவரைப் புகழ்கிறோம். ஓடிப்பார்க்கவே வராத அத்தனை பேரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஆண்கள் கதை இதைவிடப் பெரிது. பீகாரின் பக்சர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்த ஷிவ்நாத் சிங், வெறுங்காலோடு ஓடிப் பேர் வாங்கியவர். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக் மாரத்தானில் 11-ஆவது இடம். 1978-இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2:12:00 நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தேசிய சாதனையாக நின்றது. அந்த நாற்பது வருடத்தில் ஷூவின் அடித்தட்டு எத்தனை தடவை மாறியிருக்கும்!

சிங்கப்பூரில் நம்மவர் ஒருவரும் இப்படி நின்றிருக்கிறார். எம். ரமேஷன் 1995-இல் சியாங் மாய் தென்கிழக்காசிய விளையாட்டில் ஓடிய 2:24:22, சிங்கப்பூரின் தேசிய சாதனையாக 23 ஆண்டுகள் இருந்தது. 2019-இல் சோ ருய் யோங் அதைச் சியோலில் முறியடித்தார், வெறும் 40 வினாடி வித்தியாசத்தில்.

வயநாட்டுக்கே திரும்புகிறேன். அந்த மலையிலிருந்து வந்த இன்னொருவர் டி. கோபி. 2016 மும்பை மாரத்தானில் அவரை ஓடவிட்டது வேகம் பிடித்துக் கொடுக்கத்தான். பாதி வழிக்கு மேல் மற்றவர்களை இழுத்துச் சென்றுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வேலை. மனிதர் ஒதுங்கவில்லை. கடைசிவரை ஓடி இந்தியர்களில் இரண்டாவதாக வந்து, ரியோ ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றுவிட்டார். கல்யாணத்துக்குச் சமைக்க வந்தவர் மாப்பிள்ளை ஆன மாதிரி.

பெஞ்சில் உட்கார்ந்து இந்தக் கதைகளில் பாதியை மாமனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள் அந்தப் பெண். வெங்காயப் பட்டறையின் மூங்கில் தட்டியைப் பிடித்தபடி நூற்றைந்தரைச் சுற்றுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நடுவுல தண்ணி குடிக்க விடுவாங்களா சார்?"

விடுவார்கள். அந்தத் தண்ணீரில்தான் ஜெய்ஷா கதையின் மிச்சம் இருக்கிறது.

2015 மும்பைக்குப் பிறகு அதே வருடம் ஆகஸ்டில் பீஜிங் உலகத் தடகளப் போட்டி. ஜெய்ஷா தன் சாதனையைத் தானே உடைத்தார்: 2:34:43, 18-ஆவது இடம். அடுத்த இடத்திலேயே இன்னொரு இந்தியப் பெண் சுதா சிங், 2:35:35. இரண்டு பேரும் டிராக்கிலிருந்து வந்தவர்கள். 2019-இல் மும்பையில் சுதா 2:34:56 ஓடி, ஜெய்ஷாவின் நேரத்துக்கு 13 வினாடி பின்னால் நின்றார். 42 கிலோமீட்டரில் 13 வினாடி என்றால், வழியில் ஒருமுறை நின்று ஷூ லேஸ் கட்டும் நேரம்.

2016 ஆகஸ்ட் 14, ரியோ. வெயில் ஏறிய பிறகுதான் பெண்கள் மாரத்தானைத் தொடங்கினார்கள். ஜெய்ஷா 2:47:19-இல், 89-ஆவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். பீஜிங்கைவிடப் பன்னிரண்டரை நிமிடம் அதிகம். ஊர் திரும்பியதும் அவர் சொன்னது நாட்டையே உலுக்கியது. ஒலிம்பிக் அமைப்பாளர்கள் எட்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை வைத்த தண்ணீர்தான் கிடைத்ததாம். நடுநடுவே ஒவ்வொரு நாடும் தன் வீராங்கனைகளுக்காக வைக்கும் மேஜைகளில் இந்திய மேஜை மட்டும் பெயர்ப்பலகையோடு காலியாக இருந்ததாம். தடகள சம்மேளனம் மறுத்தது. பானம் வேண்டுமா என்று முன்பே கேட்டோம், வேண்டாம் என்றார்கள் என்றது. மத்திய விளையாட்டு அமைச்சகம் விசாரணைக் குழு போட்டது. கேட்டதும் மறுத்ததும் எப்படியோ இருக்கட்டும், அந்த வெயிலில் மேஜையில் நாலு பாட்டிலை வைத்துவிட்டு வந்திருந்தால் யாருடைய சொத்து குறைந்திருக்கும் என்பதுதான் என் கேள்வி.

அந்தக் களேபரத்தில் இன்னொரு விஷயத்தையும் ஜெய்ஷா சொன்னார், அது யார் காதிலும் சரியாக விழவில்லை. அவருக்கு மாரத்தான் பிடிக்கவில்லை. 1,500 மீட்டர்தான் ஓட நினைத்தார். பயிற்சியாளர் நிகோலாய் ஸ்னேசரேவ், பெலாரஸ்காரர், கண்டிப்புக்குப் பேர்போனவர், அவர்தான் மாரத்தானில் இறக்கினார். ஒரு நாட்டின் சாதனையை முதல் நாளே உடைத்தவருக்கு அந்த ஓட்டமே பிடிக்கவில்லை என்பதை எந்தச் செய்தியின் தலைப்பில் போடுவது?

பாடாலூர்க்காரர்களுக்கு இந்தத் தூரமும் தண்ணீரும் புதிதல்ல. பெரம்பலூரிலிருந்து சமயபுரம் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். பாடாலூர் கிட்டத்தட்ட அதன் நடுவில் இருக்கிறது. கோடையில் மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாகப் பாதயாத்திரைக் கூட்டம் இந்த ரோட்டில்தான் இறங்குகிறது. பாட்டிகள், இடுப்பில் பிள்ளையோடு தாய்மார்கள், வெறுங்கால். யாரும் நேரம் பார்ப்பதில்லை. ஆனால் வழி நெடுக நீர்மோர்ப் பந்தல், பானகம், தர்பூசணித் துண்டு, டேங்கர் வைத்துக் காலில் தண்ணீர் ஊற்றும் இளவட்டங்கள். யாரையும் முன்கூட்டியே கேட்டு, வேண்டும் வேண்டாம் என்று பட்டியல் எடுப்பதில்லை. வருகிறவர் கையில் டம்ளரைத் திணித்துவிடுவார்கள்.

பாதயாத்திரையில் சமயபுரம் வரை அந்தப் பெண்ணும் மூன்று வருடம் நடந்திருக்கிறாளாம். மாமன்தான் சொன்னார். "நடக்கச் சொன்னா விடியவிடிய நடப்பா சார். ஓடச் சொன்னாத்தான் நானூறுக்கே அழுவுறா."

"அழுவல மாமா," என்றாள் அவள்.

வெளிச்சம் வந்துவிட்டது. எட்டு மணிக்கு அவளுக்கு வெங்காயத் தாள் அறுக்கும் வேலை. அதற்குள் இன்னும் ஒரு தடவை ஓடிப் பார்த்துவிடுகிறேன் என்று சுண்ணாம்புக் கோட்டில் போய் நின்றாள். மாமன் போனைத் துடைத்துக்கொண்டு "ம்" என்றார். இந்த முறை கை தொங்கவில்லை. மின்கம்பத்தைத் தொட்டு, ஒரு டிராக்டருக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி, திரும்பி வந்தாள். சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து, தேதிக்கு நேரே மாமன் எழுதினார்: 2.24. பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி, "அண்ணே, ஒரு சொம்பு தண்ணி குடுங்க, புள்ளைக்கு" என்றார்.