மூன்று அடுக்கில் ஒரு சட்டம்

அமெரிக்க ஜனாதிபதிகள் சட்டங்களில் ஒப்பமிடுவது வழக்கமாக வாஷிங்டன் நகரத்தில்தான் என்றாலும், 1965-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதியன்று லிண்டன் ஜான்சன், மிசௌரி மாகாணத்து இண்டிபெண்டென்ஸ் என்ற ஊருக்குச் சென்று, அங்கே எண்பத்தொரு வயதில் ஓய்ந்திருந்த மாஜி ஜனாதிபதி ஹாரி ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சகல ஜனங்களுக்கும் சர்க்கார் மூலம் வைத்தியக் காப்பீடு வேண்டும் என்று 1945-இலேயே காங்கிரஸ் சபைக்குச் செய்தி அனுப்பி, வைத்தியர் சங்கத்தின் கடும் எதிர்ப்பால் தோற்றுப்போனவர் அந்தக் கிழவர். இருபது வருஷம் கழித்து, அறுபத்தைந்து வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமாவது அது கிட்டியபோது, முதல் சந்தாதாரராக அவரையே பதிந்துகொண்டார்கள். மெடிகேர் என்று உலகம் அறிந்த திட்டம் அது.

அதில் சேரப் போகிறவர் முதலில் திகைப்பது அதன் பகுதிகளைக் கண்டுதான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 'ஏ', வைத்தியர் கட்டணத்துக்கு 'பி', மருந்துக்கு 'டி', இவற்றைத் தனியார் கம்பெனி ஒன்றின் வழியாகப் பெற விரும்புவோர்க்கு 'சி'. ஒரே நோயாளி, ஒரே கட்டில். ஆயினும் கட்டிலுக்கு ஒரு கணக்கு, அருகில் நிற்கும் வைத்தியருக்கு வேறொரு கணக்கு. இந்த விசித்திரத்துக்கு வைத்திய சாஸ்திரத்தில் காரணம் தேடிப் பயனில்லை. அது ராஜீய பேரத்தின் தழும்பு. ஜான்சன் சர்க்கார் கேட்டது ஆஸ்பத்திரிக் காப்பீடு. எதிர்க்கட்சியார், இஷ்டப்பட்டவர் சந்தா கட்டிச் சேரும், வைத்தியர் கட்டணத்தையும் உள்ளடக்கிய காப்பீட்டை முன்வைத்தார்கள். வைத்தியர் சங்கமோ ஏழைகளுக்கு மட்டும் மாகாணங்கள் மூலம் உதவினால் போதும் என்றது. பிரதிநிதிகள் சபையின் வரிக் கமிட்டித் தலைவர் வில்பர் மில்ஸ், ஒன்றையொன்று வீழ்த்த வந்த இம்மூன்று யோசனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே மசோதாவாக்கிவிட்டார். மூன்றாவது அடுக்கே ஏழைகளுக்கான மெடிகெய்டு ஆயிற்று.

கூலியில் நூற்றுக்கு 1.45 தொழிலாளியிடமும் அதே அளவு முதலாளியிடமும் வரியாகப் பிடிக்கப்படுவதால், பத்து வருஷம் உழைத்தவர் முதுமையில் 'ஏ'வுக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. 'பி'க்கு, ஆரம்பத்தில் மாதம் 3 டாலராயிருந்த சந்தா உண்டு. வீட்டில் விழுங்கும் மாத்திரைகளோ நாற்பது வருஷம் அடுக்கற்றுக் கிடந்து, 2006-இல்தான் 'டி'க்குள் நுழைந்தன. அறுபத்தைந்து நிறையும் மாதத்தைச் சுற்றி ஏழு மாத அவகாசம். உத்தியோகத்தின் மூலம் வேறு காப்பீடு இல்லாதவர் அதைத் தவறவிட்டால், தாமதித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 'பி' சந்தாவில் நூற்றுக்குப் பத்து வீதம் அபராதம் ஏறி, பெரும்பாலோர்க்கு ஆயுள் உள்ளவரை தொடரும். மறதி வரும் வயதில் மறந்ததற்கு இத்தனை தண்டனையா என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

உடல் இயலாமையால் உழைக்க முடியாதவர்களை இத்திட்டத்துள் கொண்டுவந்தது 1972-இல் நிக்ஸன் ஒப்பமிட்ட திருத்தம். ஆனால் செலவுக்கு அஞ்சிய சபையினர், இயலாமைக்கான உதவித்தொகையை 24 மாதம் பெற்ற பிறகே காப்பீடு என்று நிபந்தனை விதித்தார்கள். அந்த உதவித்தொகையே முழுதாக ஐந்து மாதம் கழிந்துதான் தொடங்கும். வைத்தியம் மிக அவசியமான அந்த ஆரம்ப காலத்தில் காத்திருக்கச் சொல்வதை நியாயமென்று என்னால் ஒப்ப இயலாது. தசைகளைப் படிப்படியாக முடக்கும் ஏ.எல்.எஸ். வியாதிக்காரர்களுக்கு மட்டும் 2001-இல் அந்த இரண்டு வருஷக் காத்திருப்பு நீங்கியது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பாக்கியசாலிகள்: 1971 நவம்பரில் ஷெப் கிளேசர் என்ற நோயாளி, மில்ஸின் கமிட்டி முன்னிலையிலேயே டயாலிசிஸ் யந்திரத்தோடு தம் உடலைப் பிணைத்துக் காட்டினார், மறு வருஷத்துத் திருத்தத்தில், வயது வரம்பின்றி அவர்களுக்கென்று தனி வழி திறந்தது.

இவ்வளவு இருந்தும், குளிப்பாட்டவும் ஊட்டவும் ஒரு துணை வேண்டும் என்ற நிலையில் நீண்டநாள் கிடப்பவருக்கு மெடிகேர் கைகொடுப்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளிவந்தபின் தாதியர் இல்லத்தில் அதிகபட்சம் 100 நாள், அதுவும் முன்னதாக மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருந்தால். அதே வார்டில் அதே கட்டிலில் படுத்திருந்தாலும், 'கவனிப்பில் வைத்திருக்கிறோம்' என்று தஸ்தாவேஜில் எழுதிவிட்டால் அந்த இரவுகள் கணக்கில் சேரா.

பிள்ளைகளோடு குடியேறிய நம்மவர் பலரும் இந்த வாசலில் நிற்கிறார்கள். மகன் கட்டும் வரி மகனுடைய முதுமைக்கே சேரும். கிரீன் கார்டு பெற்ற தாய் தகப்பன், அறுபத்தைந்து கடந்தவராயினும், ஐந்து வருஷம் அங்கே தொடர்ந்து வசித்த பிறகுதான் 'பி'யில் சேரலாம். உழைத்த கணக்கு இல்லாததால், 'ஏ'யும் வேண்டுமென்றால் மாதம் 500 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். பல்லுக்கு அதன் பிறகும் பெரும்பாலும் வழியில்லை. பேத்தியை வளர்க்கப் போன பாட்டி, பல்லைக் கட்டிக்கொள்ளவும் கண்புரையை எடுத்துக்கொள்ளவும் திருச்சிக்கு வந்து, மாத்திரைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு திரும்பவும் விமானம் ஏறுகிறாள்.