அந்தரகங்கை மலைக் குளம்: மாணவர்க்கு ஏற்றதோர் இயற்கை உலா

கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. பாலாறும் தென்பெண்ணையும் இதன் வழியே செல்லினும் மழைக்காலத்தில் மட்டுமே அவற்றில் நீரோட்டத்தைக் காணலாம். சராசரி ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். ஆயினும், கோலார் நகரை அடுத்த சதசிருங்க மலைச் சரிவில், கல் நந்தியின் வாய்வழியே ஊற்றுநீர் ஒரு குளத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. அந்தரகங்கை எனப்படும் இவ்விடம் தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பள்ளி மாணவரை ஒரே பகலில் அழைத்துச் சென்று திரும்பலாம்.

உலாவின் வழி

அடிவாரத்திலிருந்து கற்படிகள் காசி விசுவேசுவரர் கோயிலுக்கு இட்டுச் செல்கின்றன. அங்குள்ள குளத்தை ஒரு முறை சுற்றிவந்து, கோயிலுக்கு மேலே புதர்க்காட்டினூடே செல்லும் பாதையில் பாறைக் குகைகள் வரை ஏறி, மீண்டும் குளத்தருகே இறங்குவது போதுமானது. காலை வேளையே ஏற்றது. குரங்குகள் மிகுதியாதலின் தின்பண்டங்களைக் கையில் ஏந்திச் செல்லலாகாது.

பாறையின் இயல்பு

இக்குகைகள் எரிமலைப் பாறைகளால் ஆனவை என்று பயணக் குறிப்புகள் சிலவற்றில் காணப்படுகிறது. இது பொருந்தாது. தொன்மையான எரிமலைக் குழம்பு உறைந்து, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை தங்கவயலில் உள்ளது. சுமார் 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமுமே உடைய அக்குறுகிய பட்டையில்தான் பொன் கலந்த படிகக்கல் ரேகைகள் ஓடுகின்றன. அந்தரகங்கை மலையோ கருங்கல் இனத்தைச் சேர்ந்தது. கருங்கல்லில் இயற்கையாக அமைந்த வெடிப்புகளின் வழியே நீரும் காற்றும் புகுந்து, பாறையின் விளிம்புகளைச் சிதைத்து உருண்டையாக்குகின்றன. அவ்வுருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும் இடைவெளிகளே குகைகளாம்.

நீர் வரும் விதம்

ஊற்றுக்கும் காரணம் இவ்வெடிப்புகளே. விராலி, களா முதலிய புதர்களும் அவற்றின் சருகும் மழைநீரின் வேகத்தைத் தடுக்கின்றன. தங்கிய நீர் மண்ணில் ஊறி, வெடிப்புகளில் இறங்கி, மெல்ல நகர்ந்து, தாழ்ந்த வாயொன்றில் வெளிப்படுகிறது. மழை நின்ற பின்னரும் நீர் சுரப்பது இதனாலேயே.

நிலத்தடி நீரின் இவ்வியக்கத்தைத் தங்கவயல் மக்கள் வேறு வகையில் அறிவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டு, நீர் இறைப்பு நின்ற பின்னர், குடைவுகளில் நீர் ஏறி நிரம்பிற்று. மாணவர்க்கு இவ்வுதாரணம் எளிதில் விளங்கும்.

காவாவிடில் நேர்வது

காடு அழிந்தால் மழைநீர் மண்ணையும் அரித்துக்கொண்டு விரைந்தோடும். வெடிப்புகளில் இறங்குவது குறையும். கோடையில் அலட்சியமாக எறியப்படும் ஒரு நெருப்புத் துண்டு சரிவு முழுவதையும் எரித்துவிடக்கூடும். அயல்நாட்டினின்று வந்து பரவிய உண்ணிச்செடியின் உலர்ந்த புதர் அத்தீக்கு விறகாகிறது. சமவெளியிலோ, மழையால் ஊறுவதைவிட ஆழ்குழாய்க் கிணறுகள் இறைப்பது மிகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகள் காட்டுகின்றன.

ஆசிரியர்க்குரிய சோதனை

இவ்வூற்று வற்றாதது என்பர். வற்றாதிருப்பினும் குறைந்து வருகிறதா என்பதை அளந்தே அறிதல் வேண்டும். கோயிலாரின் அனுமதி பெற்று, 10 லிட்டர் வாளியொன்றை நந்தியின் வாய்க்கீழ் பிடித்து, அது நிரம்ப எத்தனை வினாடி ஆயிற்று என்று கடிகாரத்தில் குறிக்க. 20 வினாடி எனில் ஊற்றின் அளவு வினாடிக்கு அரை லிட்டர். மூன்று முறை அளந்து சராசரி காண்க. மாதம் ஒரு முறை, ஒரே வேளையில் அளந்து, அம்மாத மழை அளவுடன் ஒரே வரைபடத்தில் குறித்துவரின், மழைக்கும் ஊற்றுக்கும் உள்ள கால இடைவெளி புலனாகும்.

ஓராண்டுக் குறிப்பு பாடத்துக்குப் பயன்படும். பத்தாண்டுக் குறிப்பு வனத்துறைக்கும் பயன்படும். பள்ளியில் ஆசிரியர் மாறினும் இக்குறிப்பேடு மாறாது தொடருமாறு அடுத்தவரிடம் ஒப்படைத்தல் நன்று.