இரும்புச் சாவி வலிப்பை நிறுத்துமா?

செஞ்சிக் கோட்டைக்கு அருகே உள்ள ஊர் சிங்கவரம். அங்கே மலைப் பாறையைக் குடைந்து அமைத்த கோவிலில் ரங்கநாதர் பள்ளி கொண்டு இருக்கிறார். படி ஏறிச் செல்லும் பக்தர் கூட்டத்தில் ஒருவர் திடீர் என்று விழுந்து, கை கால் வெட்டி இழுத்தால் என்ன நடக்கும்?

"காக்காய் வலிப்பு! இரும்பு கொடுங்கள்!" என்று குரல் எழும். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். சற்று நேரத்தில் வலிப்பு நிற்கும். "இரும்பின் மகிமையைப் பார்த்தீர்களா!" என்பார்கள்.

உண்மை அது அல்ல. சாவி கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், பெரும்பாலான வலிப்பு இரண்டு, மூன்று நிமிடத்தில் தானாகவே நின்று விடும். பெயர் மட்டும் சாவிக்குப் போகிறது!

ஏன் வருகிறது?

மூளையில் உள்ள நரம்பு அணுக்கள் மிகச் சிறிய மின்சாரத்தால் வேலை செய்கின்றன. அது திடீர் என்று கட்டு மீறிப் பாய்வதே வலிப்பு. தலையில் அடி, மூளைக் காய்ச்சல், பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத் திணறல் ஆகியவை காரணம் ஆகலாம். சரியாகக் கழுவாத காய்கறியில் ஒட்டி இருக்கும் நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போய், அதில் இருந்து வரும் புழு மூளையில் தங்குவதும் உண்டு. பலருக்குக் காரணமே தெரிவது இல்லை.

இது பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல. வாயில் வரும் நுரை பட்டால் தொற்றாது.

என்ன செய்ய வேண்டும்?

அருகே உள்ள கல், நெருப்பு, கூரான பொருள்களை அகற்றுங்கள். தலைக்கு அடியில் துணி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை காலை அமுக்காதீர்கள். வாயில் கரண்டி வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன்பே மீண்டும் வந்தாலோ, உடனே 108க்கு போன் செய்யுங்கள்.

மறைக்க வேண்டாம்

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முறையாக மருந்து சாப்பிட்டால், 100க்கு 70 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும். ஆனால், டாக்டர் சொல்லும் வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பெண்ணுக்கு வலிப்பு என்று தெரிந்தால் வரன் வராது என்று பெற்றோர் மறைக்கிறார்கள். புகுந்த வீட்டில் கேட்பார்களே என்று பயந்து, அவள் மாத்திரையை விட்டு விடுகிறாள். பிறகு அடுப்படியிலோ, கிணற்றடியிலோ வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து!

இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999-ம் ஆண்டு அது நீக்கப்பட்டது. சட்டம் ஒப்புக்கொண்டதை மாமியார் வீடும் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

அரசு ஆஸ்பத்திரிகளில் வலிப்புக்கு மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். செஞ்சியில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மேல் சிகிச்சைக்கு விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மந்திரிப்பதில் நாளைக் கடத்தாமல், முதல் தடவை வந்த உடனேயே டாக்டரிடம் காட்டுங்கள்.