இன்ஜின் போச்சு! செய்வதா, மாற்றுவதா?



"இன்ஜின் போச்சு" என்று ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் போதும், டீக்கடை வாசலில் நிற்கும் நாலு பேரும் நாலு விதமாகத் தீர்ப்புச் சொல்வார்கள். ஒருவர், "ரிங் மட்டும் போட்டாப் போதும்" என்பார். இன்னொருவர், "இதுல காசப் போடாதீங்க, காயலாங்கடையில முழு இன்ஜினே கிடைக்கும், வாங்கி மாட்டிடுங்க" என்பார். மூன்றாமவர், "வந்த விலைக்குத் தள்ளி விடுங்க" என்பார். நாலாமவர் நம் பக்கம் கையைக் காட்டி, "தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோதானே, அவரையே கேளுங்க" என்று முடித்துவிடுவார்.

அப்போது நாம் என்ன சொல்லப்போகிறோம்? பரீட்சையில் தப்பாக எழுதினால் இரண்டு மார்க்தான் போகும். இங்கே தப்பாகச் சொன்னால் ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். இந்தக் கேள்வி நம் எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் வரும் என்பதால்தான், நான் படித்ததையும் பட்டறையில் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்: பிரிக்காமல், அளக்காமல், ஏன் போனது என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

"போச்சு" என்றால் எது போச்சு?

இன்ஜினை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்துக்கொள்வோம். ஹெட், வால்வு, பிளாக், பிஸ்டன், ரிங் ஆகியவை மேல் பாதி. இதை மட்டும் செய்வதைத்தான் பட்டறையில் 'ஹாஃப் இன்ஜின் வேலை' என்கிறார்கள். கிராங்க், கனெக்டிங் ராட், மெயின் பேரிங், இவற்றைத் தாங்கும் கிராங்க் கேஸ் ஆகியவை கீழ் பாதி. இதையும் பிரித்தால் 'ஃபுல் இன்ஜின்'. செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆகவே எது வரை அடிபட்டிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

ஸ்பானரைத் தொடுமுன்பே சிலவற்றைத் தெரிந்துகொள்ளலாம். ஆயில் எவ்வளவு இருக்கிறது? கிக்கர் இறங்குகிறதா, கல் மாதிரி நிற்கிறதா? இறங்கினால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். குறைவாகக் காட்டினால் பிளக் ஓட்டை வழியே சில சொட்டு ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன், ரிங் பக்கம் சந்தேகம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் பக்கம் சந்தேகம். அடுத்து ஆயிலை இறக்கி, அதில் வரும் துகளைக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு: பேரிங், கியர், கேம் போன்றவை. ஒட்டாமல் மினுமினுத்தால் பெரும்பாலும் பிஸ்டன் அலுமினியம்.

ஏன் பிடித்துக்கொள்கிறது?

பிஸ்டன் அலுமினியக் கலவை. நம் ஊர்ப் பழைய வண்டிகளில் பிளாக்குக்குள் இருக்கும் லைனர் வார்ப்பிரும்பு. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 50 மி.மீ. பிஸ்டன் ஒன்று 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.1 மி.மீ. பருக்கும். அதே சூட்டில் லைனர் சுமார் 0.055 மி.மீ.தான் விரியும். ஆனால் குளிர்ந்த நிலையில் இரண்டுக்கும் இடையே விட்டிருக்கும் இடைவெளியே மி.மீ.யில் நூறில் சில பங்குதான். போதாததற்கு, ஓடும்போது லைனரைவிடப் பிஸ்டன் அதிகச் சூட்டில் இருக்கிறது. ஆயில் படலம் இருக்கும்வரை சமாளிக்கும். அது அறுந்தால் அலுமினியம் லைனரில் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் 'சீஸ்' ஆகிவிட்டது என்கிறோம்.

பிரித்துப் பார்க்கும்போது உடைந்த பாகங்களே காரணத்தைச் சொல்லும். கனெக்டிங் ராடின் பெரிய முனை நீலம் பாரித்திருந்தால் ஆயில் கிடைக்காமல் வெந்திருக்கிறது. பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழுந்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, தப்பான பிளக், தப்பான டைமிங் என்று தேட வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் இன்னொன்றும் உண்டு. 1985 முதல் 1996 வரை வந்த ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகளில் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகிறது. கிராங்க் ஆயில் சீல் தேய்ந்தால் அந்த வழியே காற்றை இழுத்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடேறிச் சீஸ் ஆகும். அங்கே பிஸ்டனை மட்டும் மாற்றிவிட்டுச் சீலை விட்டுவிட்டால் புதுப் பிஸ்டனும் பழைய பிஸ்டன் போன வழியிலேயே போகும். மாற்று இன்ஜின் மாட்டினாலும் இதே கதைதான். அடைத்த ஏர் ஃபில்டரும் தவறான கார்புரேட்டர் ஜெட்டும் வண்டியிலேயே இருந்தால், புதிதாக வந்த இன்ஜின் மட்டும் என்ன செய்யும்?

கண்ணால் பார்ப்பது வேறு, அளப்பது வேறு

மெட்ராலஜி லேபில் போர் கேஜைப் பிடித்தபோது, "இது எதுக்குடா?" என்று நம்மில் பலர் நினைத்திருப்போம். இதுக்குத்தான்! சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டத்திலும், ஒவ்வொரு மட்டத்திலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசையிலும் அளக்கணும். மொத்தம் ஆறு அளவுகள். இவற்றிலிருந்து தேய்மானமும் கோணலும் தெரிந்துவிடும். பிஸ்டனை அதன் பாவாடைப் பகுதியில், பின்னுக்குக் குறுக்காக அளக்கணும். பிஸ்டன் முழு வட்டமாக இருக்காது என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஒரு உதாரணம். 1994-இல் வந்த ஸ்பிளெண்டரின் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ., கொள்ளளவு 97.2 சிசி. இதற்கு 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கிடைக்கின்றன. 0.50 போட்டால் போர் 50.5 ஆகும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், 99.1 சிசி வரும். கடைசி அளவான 1.00 போட்டாலும் 101.1 சிசிதான். 'போர் செஞ்சா வண்டி பறக்கும்' என்பது வெறும் பேச்சு. போரிங் செய்வது சிலிண்டரை மறுபடி வட்டமாக்கத்தான். இன்னொரு நுணுக்கம்: முதலில் பிஸ்டனை வாங்கி அளந்து, பிறகு அந்தப் பிஸ்டனுக்கு ஏற்றபடிதான் போரிங் செய்யணும். எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும்.

எல்லா வண்டிக்கும் போரிங் செல்லாது. 2008-இல் வந்த யமஹா ஆர் 15-இன் சிலிண்டரில் இரும்பு லைனரே கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினியம்தான். அது கீறிவிட்டால் பிளாக்கையே மாற்றணும். "எங்க அண்ணன் போர் செஞ்சு தருவாரு" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கீழ் பாதிக்கு வருவோம். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் பிக் எண்ட் போய்விட்டது. பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு. அது இருக்கத்தான் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல கிராங்கைக் கழற்றிப் போட்ட பட்டறைகள் உண்டு. கடைசியாகக் கிராங்க் கேஸ். விரிசல் இருக்கிறதா? மெயின் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, பேரிங் கையாலேயே சுற்றுகிறதா? ராட் உடைந்து கேஸைக் குத்தி ஓட்டை போட்டிருக்கிறதா? என் கருத்தில் செய்வதா, மாற்றுவதா என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கேஸ்தான். மற்ற எல்லாம் கடையில் கிடைக்கிற பாகங்கள். கேஸ் என்பது வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி.

ஒரு பால் வண்டியின் கதை

என் மாமா காலையும் மாலையும் வீடு வீடாகப் பால் ஊற்றுபவர். 50 மி.மீ. போர் உள்ள பழைய 100 சிசி வண்டி அவருடையது. ஆயில் மாற்றிய இடத்தில் டிரெயின் போல்ட்டுக்குப் பழைய வாஷரையே போட்டிருந்தார்கள். சொட்டுச் சொட்டாக ஒழுகி, ஒருநாள் பால் கேனோடு வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. "மாப்ள, நீதான் இதெல்லாம் படிக்கிறியே, மாத்திரலாமா, செஞ்சிரலாமா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றார். "பிரிச்சு அளந்துட்டுத்தான் சொல்வேன் மாமா" என்றேன்.

அவர் அவசரம் எனக்குப் புரிந்தது. பழைய இன்ஜின் ஒன்று தயாராக இருந்தது, மறுநாளே மாட்டிவிடலாம். செய்வதென்றால் ஒரு வாரம் வண்டி நிற்கும். பால் நிற்குமா?

பிரித்தோம். பிஸ்டன் கீறியிருந்தது. கேமும் ராக்கரும் தேய்ந்திருந்தன. ராடில் மேல் கீழ் ஆட்டம் இருந்தது. சிலிண்டரின் அதிகபட்ச அளவு 50.21, அதற்கும் மேலே ஒரு ஆழமான கோடு. 0.25 பிஸ்டனுக்குப் போர் செய்தால் அந்தக் கோடு முழுசாகப் போகாது, 0.50-க்குத்தான் போகணும். ஆனால் கிராங்க் கேஸ் பழுதில்லாமல் இருந்தது. கியர்களும் நன்றாக இருந்தன. காரணமும் ஐயமில்லாமல் தெரிந்துவிட்டது.

அந்தப் பழைய இன்ஜினைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ஸ்டார்ட் செய்து காட்டினார்கள், அவ்வளவுதான். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, உள்ளே என்ன அளவு, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அதையும் பிரிக்கணும். அதையே மாமாவிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரின் டி.வி.எஸ். 50-ஐ ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு, "செஞ்சிரு மாப்ள" என்றார். கிராங்குக்குப் புது ராட் கிட் போட்டு, டயல் கேஜ் வைத்து ஓட்டம் சரிபார்த்து, 0.50 பிஸ்டன், புதுக் கேம், ராக்கர், எல்லாக் கேஸ்கெட்டும் சீலும் புதிதாகப் போட்டு ஏற்றினோம். டிரெயின் போல்ட்டுக்கு அந்தச் சின்ன வாஷரும் புதிது! பதினான்கு மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது.

எப்போது மாற்றலாம்?

கேஸ் உடைந்து, கிராங்கும் கியரும் சேர்ந்து போயிருந்தால் மாற்றுவதே நல்லது. பெரும்பாலான வண்டிகளில் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கேஸுக்குள் இருப்பதால், முழு இன்ஜின் வாங்கினால் கியரும் சேர்ந்தே வரும். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் இரண்டும் தனித்தனி, ஆகவே அங்கே கணக்கு வேறு.

மாற்றும்போது காகித வேலையும் உண்டு. இன்ஜின் நம்பர் கிராங்க் கேஸில்தான் அடித்திருக்கும். அதே நம்பர் ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. இன்ஜின் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதியணும். பில் இல்லாத இன்ஜின், நம்பர் சுரண்டிய இன்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அது திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் ஸ்டேஷனில் நிற்பது நாம் நம்பி அனுப்பிய மனிதர்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபிறகு தயாரான பெரும்பாலான வண்டிகளில் சென்சாரும் ஃப்யூயல் இன்ஜெக்ஷனும் இருக்கின்றன. அவற்றில் பழைய கார்புரேட்டர் இன்ஜினைக் கொண்டுபோய் மாட்டும் பேச்சே வேண்டாம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்...

கணக்குக்கு ஒரு எளிய வழி உண்டு. ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் ஓடினால் வண்டியின் விலை 24,000 ரூபாய். இன்ஜின் போன நிலையில் 8,000. வித்தியாசம் 16,000. ஃபுல் இன்ஜின் வேலை 12,000. வண்டி ஏழு நாள் நிற்பதால் நாளைக்கு 300 வீதம் 2,100 நஷ்டம். மொத்தம் 14,100. இது 16,000-க்குள் இருப்பதால் செய்யலாம். அதே வேலைக்கு 18,000 ஆகும் என்றால் இருக்கிற நிலையில் விற்றுவிட்டு வேறு வண்டி பார்ப்பதே புத்திசாலித்தனம். பழைய இன்ஜின் 9,000 என்றால் 3,000 மிச்சம் மாதிரி தெரியும். அதைப் பிரித்துப் பார்த்து, ரிங்கும் கேஸ்கெட்டும் மாற்றிக் கூலியும் கொடுத்தால் அந்த மிச்சம் எங்கே? பிரிக்காமல் மாட்டினால் அது மிச்சமல்ல, சூதாட்டம்.

ஆகவே தோழர்களே, வரிசையை மனதில் வையுங்கள். முதலில் காரணம். அடுத்து அளவு. பிறகு கிராங்க் கேஸ். அதன்பின் ரூபாய்க் கணக்கு. கடைசியாகத்தான் வாய். சம்பந்தப்பட்டவரிடம் அளவுகளைக் காகிதத்தில் எழுதிக் காட்டி, இரண்டு வழிக்கும் ஆகும் செலவைச் சொல்லுங்கள். பணம் அவருடையது, முடிவும் அவருடையதாக இருக்கட்டும்.

நம் கையில் இருக்கும் மைக்ரோமீட்டர் விலை உயர்ந்ததுதான். அதைவிட விலை உயர்ந்தது, "டிப்ளமோ படிச்ச பையன் பார்த்துச் சொன்னான்" என்று ஊர் நம் பேச்சின்மீது வைக்கும் நம்பிக்கை. அதைக் காப்பாற்றுவோம்!