அருகில் நின்றவனும் கொலையாளியா?

பிரிட்டனில் டெரிக் பென்ட்லி என்றோர் இளைஞர் இருந்தார். வயது 19. போலீஸ்காரரைச் சுட்டது 16 வயதுக் கூட்டாளி. அந்தக் குண்டு பாய்ந்தபோது பென்ட்லி போலீஸ் பிடியில் இருந்தார். ஆனாலும் 1953 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டது அவர்தான். சுட்டவனுக்குத் தூக்குப் போட வயது போதவில்லை.

பிரிட்டனில் கொலைக்கான தூக்குத் தண்டனை பின்னர் ஒழிந்தது. கூட்டாளியைக் கொலையாளியாக்கும் வழியோ இன்னும் அகலமானது. 1984இல், ஹாங்காங்கிலிருந்து வந்த சான் விங் சியூ வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு விதி வகுத்தது. சேர்ந்து ஒரு குற்றத்துக்குப் போகும்போது, கூட வருபவன் கொலையும் செய்யக்கூடும் என்று ஒருவன் எதிர்பார்த்திருந்தால் போதும், அவனும் கொலையாளியே. கொல்லும் எண்ணம் அவனுக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை.

காவல் நிலைய விசாரணை அறையில் அன்று இதன் பொருள் என்ன? "அவனிடம் கத்தி இருந்தது உனக்குத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். "தெரியும், ஆனால் குத்துவான்னு நினைக்கலை" என்கிறான் ஒரு பையன். உண்மையைத்தான் சொல்கிறான். ஆனால் அந்த முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டே அரசுத் தரப்பு ஜூரியிடம் போக முடிந்தது. கொலைக் குற்றம் உறுதியானால் ஆயுள் தண்டனை கட்டாயம். எத்தனை ஆண்டு கழித்துப் பரோல் கேட்கலாம் என்பதில் மட்டுமே நீதிபதிக்கு இடமுண்டு.

அங்கே கைதாகும் எவருக்கும் காவல் நிலையத்திலேயே வக்கீல் ஆலோசனை இலவசம். 18 வயதுக்குட்பட்டவரை விசாரிக்கையில் பெற்றோரோ பொறுப்பான வேறு பெரியவரோ உடனிருக்க வேண்டும். "நான்தான் ஒன்றும் செய்யவில்லையே, வக்கீல் எதற்கு?" என்று ஒரு சிறுவன் நினைப்பதைவிட ஆபத்தானது வேறில்லை.

கூட்டாளியையும் கொலையாளியாக்கும் விதியை எதிர்த்து 2010இல் 'ஜெங்பா' என்ற அமைப்பு பிறந்தது. தொடங்கியவர்கள் குளோரியா மாரிசன், ஜேனட் கன்லிஃப். ஜேனட்டின் மகன், பார்வை மிகவும் குறைந்திருந்த சிறுவன், கூட்டுக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றிருந்தான். வக்கீல்களை எட்ட வழி தெரியாத குடும்பங்கள் இவர்களிடம் வந்தன.

மாற்றம் லெஸ்டர் நகர வழக்கொன்றில் வந்தது. தன் நண்பர் ஒரு வீட்டுக்குள் ஒருவரைக் குத்திக் கொன்றபோது, அமீன் ஜோகி பாட்டிலுடன் வாசலில் நின்று தூண்டிவிட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை. ஜோகிக்காக ஃபெலிசிட்டி ஜெரி குழுவினர் வாதாட, 2016 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், சட்டம் 1984இல் வழிதவறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. எதிர்பார்த்தது ஒரு சாட்சியம்தான். அதுவே எண்ணம் ஆகிவிடாது. மறுவிசாரணையில் ஜோகி கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்ததற்காகக் குற்றவாளியானார். 12 ஆண்டுச் சிறை.

பழைய கைதிகளுக்கு இந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. காலம் கடந்து மேல்முறையீடு செய்வோர் தமக்குப் 'பெரும் அநீதி' நேர்ந்ததாகக் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். தவறிய சட்டத்தின் சுமையை உள்ளே கிடப்பவர் தலையிலேயே ஏற்றுவது என்ன நியாயம்? 2018இல் ஜான் கிரில்லி என்ற கைதி அந்தத் தடையைத் தாண்டினார். அவரது கொலைத் தீர்ப்பு ரத்தாகி, 13 ஆண்டுச் சிறைக்குப் பின் விடுதலையானார்.

முடிந்துபோன வழக்குகளை மீண்டும் நீதிமன்றத்துக்கு அனுப்பும் குற்ற வழக்கு மறுஆய்வு ஆணையம் பற்றி அடுத்த வாரம்.