மூஸ் மான் கடித்த காடு சொல்லும் மேய்ச்சல் பாடம்

ஆட்டின் வாய் பட்ட செடி தழைக்காது என்று ஊரில் சொல்வதுண்டு. நுனி கிள்ளிய செடி பக்கக் கிளை விட்டுப் படரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டுமே நடக்கக் கூடியவைதான். எது நடக்கும் என்பது எப்போது, எவ்வளவு, எத்தனை முறை கடிபடுகிறது என்பதைப் பொறுத்தது.

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்ற தீவு உள்ளது. அங்குள்ள காட்டில் மூஸ் என்னும் பெரிய மான்கள் குளிர்காலம் முழுவதும் குச்சிகளையும் பால்சம் ஃபிர் இலைகளையும் தின்று வாழ்கின்றன. 1940-களின் இறுதியில், காட்டின் சில இடங்களில் மூஸ் நுழையாதபடி வேலி அடைத்தார்கள். சுமார் 40 ஆண்டுகளுக்குப் பின் ஒப்பிட்டபோது, வேலிக்குள் மரங்கள் ஓங்கி வளர்ந்திருந்தன. வெளியே, மூஸ் விரும்பித் தின்னும் மரக்கன்றுகள் தலைதூக்க முடியாமல் குட்டையாக நின்றன. மர நிழல் குறைந்ததால் புதர்களும் பூண்டுகளும் மண்டின. மூஸ் தொடாத ஸ்ப்ரூஸ் மரம் மட்டும் தப்பியது. அதன் சருகு மெதுவாக மட்குவதால், மண்ணில் தழைச்சத்தும் குறைந்தது.

காரணம் என்ன?

நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின், பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனி போனதும் அவை துளிர்க்கின்றன. இலை உதிர்ந்த குளிர்காலத்தில் கடிபட்டால், பிர்ச் போன்ற மரங்கள் வேரில் உள்ள சேமிப்பைக் கொண்டு வசந்தத்தில் தடித்த தளிர் விடும். இலையோடு திரும்பத் திரும்பப் பறிபட்டால் அந்தச் சேமிப்பு கரைந்து செடி நலியும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* சூபாபுல் தீவன மரங்களை முதல் 6 மாதங்களுக்கு ஆடு, மாடு கடிக்க விடாதீர்கள்.
* பிறகு தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் வெட்டித் தீவனமாகக் கொடுங்கள். பருவத்தைப் பொறுத்து 40 முதல் 80 நாள் இடைவெளி விடுங்கள்.
* மேய்ச்சல் நிலத்தைப் பிரித்து, மாற்றி மாற்றி மேயுங்கள்.
* ஆடு ஒதுக்கும் உண்ணிச்செடி பெருகினால், நல்ல தீவனச் செடிகள் தோற்றுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். காய்க்கும் முன்பே அதை வேரோடு அகற்றுங்கள்.

உங்கள் மேய்ச்சல் நிலத்திலும் ஒரு மூலையில் நாலு முழச் சதுரத்துக்கு முள்வேலி அடைத்துப் பாருங்கள். ஒரு பருவமழை முடிந்ததும் வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் என்னென்ன முளைத்திருக்கின்றன என்று எண்ணுங்கள். மேய்ச்சல் அந்த நிலத்தை எப்படி மாற்றுகிறது என்பது அப்போது புரியும்.